தவளைக்கு முன் தொட்டி: புதிதாகத் தவளை வளர்ப்பவர்களுக்கு

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் இருக்கும் மெல்லிய தோலை ஈரத்தில் பதித்து உட்கார்ந்து, அதன் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியாகத்தான். ஆகவே குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், விரலில் ஒட்டியிருக்கும் சோப்பு, கண்ணாடியைத் துடைத்த ஸ்ப்ரே, மண்ணில் ஊறிச் சேர்ந்த சிறுநீர் எல்லாம் அதே பாதையில் உள்ளே போய்விடும். நாய், பூனை வளர்த்துப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். என்ன சாப்பிடும் என்று முதலில் கேட்பார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள்.

அடுத்த தடுமாற்றம் வரிசையில். கடையில் தவளையைப் பார்த்த அன்றே தொட்டியையும் வாங்கி, மாலைக்குள் எல்லாவற்றையும் அடுக்கி, இரவில் தவளையை உள்ளே விடுவார்கள். மறுநாள்தான் ஈரப்பதம் நிற்கவில்லை, மதியம் சூடு ஏறுகிறது என்று தெரியவரும். முதலில் இனத்தை முடிவு செய்யுங்கள். பிறகு அதற்கேற்ற தொட்டி. அந்தத் தொட்டியைத் தவளை இல்லாமலே இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் தவளை. தண்ணீரிலேயே வாழும் இனமென்றால் இரண்டு வாரம் போதாது. நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

எந்த இனம்?

முதல் தவளை என்றால் நான்கு இனங்களுக்குள் தேடினால் போதும்.

ஒயிட்ஸ் மரத்தவளை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. வளர்ந்தால் 7 முதல் 11 செ.மீ. வரும். நல்ல பராமரிப்பில் 15 ஆண்டுகளைத் தாண்டி வாழும். ஈரப்பதம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளும் என்பதால் இதற்கே முதல் மதிப்பெண். 1790-இல் இதை விவரித்து எழுதிய ஜான் வைட் என்ற மருத்துவரின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அறிவியல் பெயரில் உள்ள ‘செருலியா’ என்பதற்கு நீலம் என்று பொருள். பச்சைத் தவளைக்கு நீலப் பெயர் எப்படி வந்தது? பதப்படுத்தி அனுப்பிய மாதிரியில் தோலின் மஞ்சள் நிறமி கரைந்துபோய், அடியிலிருந்த நீலம் மட்டும் மிஞ்சிவிட்டதாம். பகலெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தூங்கும், இரவில் நடமாடும். ஆண் தவளை நாய் குரைப்பதுபோலக் கரகரவென்று கத்தும். தூக்கம் கலையக்கூடாது என்பவர்கள் படுக்கையறையில் தொட்டியை வைக்க வேண்டாம்.

பேக்மேன் தவளை. தென் அமெரிக்கக் கொம்புத் தவளையைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். உள்ளங்கை நிறைய ஒரு வாய், அதற்குப் பின்னால் ஒரு வயிறு, அவ்வளவுதான். மண்ணில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். ஓடாது, ஏறாது, சிறிய இடம் போதும், வேலையும் குறைவு. அசைவதையெல்லாம் இரை என்று நினைக்கும். கூட ஒரு தவளையை விட்டால் தின்றுவிடும், அளவு ஒன்றாக இருந்தாலும் முயன்று பார்க்கும். எனவே தனியாகத்தான் வளர்க்க வேண்டும். விரலைக் கடித்தால் வலிக்கும்.

தீவயிற்றுத் தேரை. சீனாவும் கொரியாவும் இதன் ஊர். 4 முதல் 5 செ.மீ.தான். மேலே பச்சையும் கறுப்பும், அடியில் சிவப்பு. பகலில் விழித்திருப்பது இதன் பெரிய வசதி, பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூன்று நான்காகச் சேர்த்து வளர்க்கலாம். தோலில் லேசான நஞ்சு உண்டு. தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் எரியும். வேறு எந்தத் தவளையோடும் ஒரே தொட்டியில் விடக்கூடாது, அந்தத் தண்ணீரே மற்றதைக் கொன்றுவிடலாம். குளிர்ச்சியை விரும்பும் இனம் இது. 28 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அறையில் இதை வளர்க்க நினைக்காதீர்கள்.

ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள்தான். 3 முதல் 4 செ.மீ. மீன் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை. ஆனால் இதே பெயரைச் சொல்லி ஆப்பிரிக்க நகத் தவளையின் குட்டியைக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அது 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, தொட்டியில் உள்ள மீன்களையும் குள்ளத் தவளைகளையும் விழுங்கும். முன்னங்காலைப் பாருங்கள். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. விரல்கள் தனித்தனியாக, சவ்வில்லாமல் இருந்தால் நகத் தவளை. வெள்ளை நிறத் தவளைக் குட்டி என்றால் பெரும்பாலும் நகத் தவளைதான்.

சிவப்புக்கண் மரத்தவளை படத்தில் அழகு. ஆனால் ஈரமும் காற்றோட்டமும் ஒருசேர வேண்டும், சிறு தவறையும் பொறுக்காது. அம்பு நச்சுத் தவளை நஞ்சைப் பற்றி யாரும் பயப்பட வேண்டியதில்லை. காட்டில் தின்னும் எறும்பு, உண்ணி முதலியவற்றிலிருந்துதான் அந்த நஞ்சு சேர்கிறது. தொட்டியில் பிறந்தவற்றுக்கு இருக்காது. இங்கே சிக்கல் சாப்பாடு. கடுகளவுப் பழ ஈக்களை வீட்டிலேயே வாரந்தோறும் வளர்த்துக் கொடுக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மூன்றாவது தவளையாக வாங்கலாம்.

வயலிலோ குளத்திலோ பிடித்த தவளையைத் தொட்டியில் விடுவது வேண்டவே வேண்டாம். ஒட்டுண்ணியும் பூஞ்சையும் கூடவே வரும், பெரும்பாலும் சாப்பிடாமல் கிடந்து சாகும், பல இடங்களில் சட்ட மீறலும்கூட. கடையில் விற்கும் அயல் இனங்களுக்கும் உங்கள் நாட்டில் அனுமதியோ பதிவோ தேவைப்படுமா என்று காசு கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தொட்டியிலேயே பிறந்ததா, என்ன வயது, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது? இந்த மூன்றுக்கும் பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள். முடிந்தால் உங்கள் கண் முன்னால் ஓர் இரையைப் போடச் சொல்லுங்கள்.

தவளையின் கண் தெளிவாக இருக்க வேண்டும், பனி மூடியதுபோல் இருக்கக்கூடாது. இடுப்பெலும்பு துருத்தினால் பட்டினி. மூக்கு நுனி சிராய்ந்திருந்தால் கண்ணாடியில் முட்டி முட்டித் தேய்த்திருக்கிறது, அதாவது இருந்த இடம் பிடிக்கவில்லை. தொடையின் உட்புறமும் அடிவயிறும் ரத்தம் கட்டியதுபோல் சிவந்திருந்தால் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். தீவயிற்றுத் தேரைக்கு வயிறு சிவப்பாக இருப்பதுதான் இயல்பு, அதைப் பார்த்து மிரள வேண்டாம். மரத்தவளை பகலில் கால்களை உடலோடு ஒட்டி மடக்கித் தூங்க வேண்டும். பட்டப்பகலில் தரையில் கால் பரப்பிக் கிடந்தால் விட்டுவிடுங்கள். பேக்மேனில் நாணய அளவுக் குட்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஒரு நாள் காய்ந்தாலும் தாங்காது. நான்கைந்து செ.மீ. வளர்ந்ததை வாங்குவது நல்லது.

தொட்டி: மரத்தவளையை வைத்து

ஒயிட்ஸ் மரத்தவளைக்கான தொட்டியைப் படிப்படியாகச் சொல்கிறோம். மற்ற மூன்றும் எங்கே மாறுபடும் என்பது பின்னால் வரும்.

1. ஒன்றோ இரண்டோ வளர்ந்த தவளைகளுக்கு 45 செ.மீ. நீளம், 45 அகலம், 60 உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி. இதற்கு உயரம்தான் வீடு. முன்பக்கம் கதவு திறக்கும் வகை நல்லது. மேலிருந்து இறங்கும் கையைத் தவளை பருந்தாகத்தான் பார்க்கும். மேல்மூடி கம்பி வலையாக இருக்கட்டும். வெயில் படும் ஜன்னலருகே வைத்தால் கண்ணாடித் தொட்டி அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். டிவி, ஸ்பீக்கர் பக்கமும் வேண்டாம்.

2. அடியில் 3 முதல் 5 செ.மீ. உயரத்துக்குச் சுட்ட களிமண் உருண்டைகளைக் கொட்டுங்கள். மேலிருந்து வடியும் தண்ணீர் இங்கே தங்கும், மண் சேறாகாது. அதன்மேல் கொசுவலை போன்ற நைலான் வலையை வெட்டி விரியுங்கள். வலையை விட்டுவிட்டால் ஒரே மாதத்தில் மண் கீழே இறங்கி எல்லாம் ஒன்றாகிவிடும்.

3. வலையின்மேல் 5 முதல் 8 செ.மீ. தேங்காய் நார்த்தூள். கோகோ பீட் என்று கட்டியாகக் கிடைக்கும். செடிக்கென்று வரும் கட்டிகள் சிலவற்றில் உப்பு இருக்கும், சிலவற்றில் உரம் கலந்திருக்கும். இரண்டுமே தவளைத் தோலுக்கு ஆகாது. உரம் கலந்ததை வாங்கவே கூடாது. மற்றதை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் கட்டி உதிர்ந்து, தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறும். துணியில் வடிகட்டிப் பிழிந்து, மறுபடி ஊற்றி, நான்கைந்து தடவை அலசுங்கள், நிறம் வெளுக்கும்வரை. கடைசி அலசலுக்குக் குளோரின் நீக்கிய தண்ணீர். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு. ஒழுகாமல் உருண்டையாக நிற்கும் பதம்தான் வேண்டும்.

கூழாங்கல், மீன்தொட்டிக் கல், மரச்சீவல் எதையும் போடாதீர்கள். இரையைக் கவ்வும்போது அடியில் இருப்பதும் சேர்ந்து வாய்க்குள் போகும். நார்த்தூள் கொஞ்சம் போனால் வெளியே வந்துவிடும். கல் குடலில் அடைத்துக்கொள்ளும்.

4. ஏறுவதற்குக் கிளைகள். தவளையின் உடலை விடத் தடிமனாக, குறுக்கும் சரிவுமாக இரண்டு மூன்று. இரண்டு விரல்களால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அசையக்கூடாது. வளர்ந்த தவளை கனமானது, கிளை சரிந்தால் கூடவே விழும். பின்சுவரில் ஒரு கார்க் பட்டை செங்குத்தாக இருந்தால் பகல் முழுக்க அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். மணி பிளான்ட் வைக்கலாம், கனத்தையும் ஈரத்தையும் தாங்கும். பூச்சிமருந்து, உரம் போகவேண்டி வேரை மண் போகக் கழுவி, சில வாரம் தனியே வளர்த்து, பிறகு உள்ளே நடுங்கள். செடி பிழைக்காது என்றால் பிளாஸ்டிக் இலை போதும். தவளைக்கு வேண்டியது மறைவு. அது உயிருள்ள இலையா என்று கேட்காது.

5. தண்ணீர்க் கிண்ணம். தவளை உட்கார்ந்தால் தோள்வரை மட்டுமே மூழ்கும் ஆழம், வழுக்காத விளிம்பு. மரத்தவளை நீச்சல் வீரன் இல்லை.

6. விளக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம், டைமரில். யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு கட்டாயமா என்று வளர்ப்பவர்களுக்குள் நீண்ட நாள் வாக்குவாதம் உண்டு. எங்கள் கருத்து, வையுங்கள் என்பதுதான். மழைக்காட்டு உயிரினங்களுக்கென்று வரும் குறைந்த திறன் கொண்ட 5 அல்லது 6 சதவீதக் குழல் விளக்கு போதும். டி3 வைட்டமினைத் தோல் உண்டாக்க அது உதவும். வெளிச்சம் பிடிக்காதபோது ஒதுங்க நிழல் இருக்க வேண்டும். யூ.வி.பி. கண்ணாடியைத் தாண்டி வராது, ஆகவே வலைமூடியின் மேல்தான் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் யூ.வி.பி. தீர்ந்துபோயிருக்கும்.

7. டிஜிட்டல் வெப்பமானியும் ஈரப்பதமானியும். முள் நகரும் வட்டவடிவ மலிவு மீட்டர்கள் சொல்வதை நம்ப முடியாது. ஒரு உணரியை மேல் கிளையருகே, இன்னொன்றை மண்ணருகே வையுங்கள்.

இத்தோடு தொட்டி தயார். இனி இரண்டு வாரம் காலியாக ஓடட்டும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அளவைக் குறித்து வையுங்கள். பகலில் 24 முதல் 28 டிகிரி, இரவில் 20 முதல் 22. ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்ததும் ஏறி, இடையில் இறங்க வேண்டும். கண்ணாடி சில மணி நேரத்தில் காய்வதுதான் சரி. நாள் முழுக்க வியர்த்துக்கொண்டே இருந்தால் காற்றோட்டம் போதவில்லை, அங்கேதான் பாக்டீரியா பெருகும். ‘தவளைக்கு ஈரம் நல்லது’ என்று மூடியை பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சூடு குறைந்தால் ஹீட் மேட் என்ற சூடேற்றும் மின்விரிப்பைப் பக்கவாட்டுக் கண்ணாடியின் வெளிப்புறம் ஒட்டி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வழியாக மட்டுமே இணையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் எவ்வளவு சூடாகும் என்பதற்கு வரம்பு கிடையாது. வெப்பமான ஊர்களில் பிரச்சினை நேரெதிர். 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் ஆபத்து. தொட்டியைத் தரையோடு, வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். வலைமூடியின் மேல் ஒரு சிறு மின்விசிறி காற்றை வெளியே இழுத்தால் ஆவியாகும் ஈரத்தோடு இரண்டு மூன்று டிகிரி குறையும். ஈரமும் அதே வேகத்தில் போகும் என்பதால் அன்று கூடுதலாகத் தெளிக்க வேண்டும்.

மற்ற மூன்றுக்கும்

பேக்மேனுக்கு உயரம் வீண். 60க்கு 30 செ.மீ. தரைப்பரப்பு, 10 செ.மீ. ஆழத்துக்கு நார்த்தூள், ஒரு கிண்ணம், கொஞ்சம் சருகு. வெப்பம் 24 முதல் 28, ஈரப்பதம் 60 முதல் 80. ஹீட் மேட்டை அடியில் வைக்கவே கூடாது. சூடு அதிகமானால் மண்ணைத் தோண்டிக் கீழே போவதுதான் இதன் இயல்பு. கீழே மேட் இருந்தால் தப்பிப்பதாக நினைத்து நெருப்பை நோக்கியே போகும். இன்னொன்று, இது உட்கார்ந்த இடத்திலேயே கழிக்கும், அதிலேயே புதைந்தும் இருக்கும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை மண் முழுவதையும் மாற்றாவிட்டால், தன் கழிவின் அம்மோனியாவையே தோல் வழியாக உறிஞ்சிவிடும். கால் விறைத்து, கண் மங்கி, வலிப்பு வந்ததுபோல் துடிக்கும். அப்போது செய்ய வேண்டியது, சுத்தமான தண்ணீரில் வைத்து, மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றிக்கொண்டே மருத்துவரைத் தேடுவது.

தீவயிற்றுத் தேரைக்குப் பாதி நீர், பாதி நிலம். மூன்று நான்குக்கு 75 லிட்டர் தொட்டி. தண்ணீர் 8 முதல் 10 செ.மீ. ஆழம், கரையேறச் சரிவான கல் அல்லது கார்க். வெப்பம் 18 முதல் 24. பெரும்பாலான வீடுகளில் ஹீட்டரே வேண்டாம். கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே ஏறும் வல்லமை உண்டு, மூடி அவசியம்.

குள்ளத் தவளைக்கு 40 லிட்டர் தண்ணீரில் நான்கைந்து. ஆழம் 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம். மூச்சுக்காக அடிக்கடி மேலே வந்து போக வேண்டிய பிராணி இது, ஆழம் கூடினால் சோர்ந்துவிடும். தண்ணீர் 24 முதல் 26 டிகிரி. ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் சரி, வேகமாக உறிஞ்சும் ஃபில்டரில் கால் மாட்டிக்கொள்ளும். அடியில் மெல்லிய மணல். மூடியில் விரல் நுழையும் ஓட்டைகூட இருக்கக்கூடாது. வெளியே குதித்தால் சற்று நேரத்தில் காய்ந்து செத்துவிடும்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரைத் திறந்த வாளியில் 24 மணி நேரம் வைத்தால் குளோரின் போய்விடும். ஆனால் பல ஊர்களில் இப்போது குளோராமின் சேர்க்கிறார்கள், அது இப்படி ஓரிரு நாள் வைத்தால் போகாது. உங்கள் தண்ணீரில் எது இருக்கிறது என்று ஆராய்வதை விட, மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் கலந்துவிடுவது சுலபம். குளோராமினையும் நீக்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தெளிப்பதற்கு ஆர்.ஓ. நீர் நல்லது, கண்ணாடியில் உப்புத் திட்டு படியாது. கிண்ணத்துக்கும் நீர்த்தொட்டிக்கும் தாது உள்ள, குளோரின் நீக்கிய தண்ணீர். கிண்ணத்தைத் தினமும் மாற்ற வேண்டும். தவளை இரவில் அதில் இறங்கிக் கழித்துவிட்டுப் போயிருக்கும், தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் சரி.

நீர்த்தொட்டி வைப்பவர்கள் அம்மோனியா சோதனைக் கிட் ஒன்றை வாங்காமல் தொடங்க வேண்டாம். புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேறத்தான் அந்த நான்கிலிருந்து ஆறு வாரம். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும்வரை காத்திருங்கள். அதன்பின் வாரம் 25 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் பாக்டீரியா மொத்தமும் குளோரினில் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள்.

சாப்பாடு

நிலத் தவளைகள் அசையும் இரையைத்தான் பார்க்கும். சுவர்க்கோழி என்கிற கிரிக்கெட் பூச்சி, இரைக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பான், மண்புழு மூன்றும் அன்றாடச் சாப்பாடு. மீல்வார்ம் என்ற வண்டுப் புழுவின் ஓடு கடினமானது, எப்போதாவது ஒன்று. மெழுகுப்புழு கொழுப்பு, பலகாரம் மாதிரி. வீட்டில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள். பக்கத்து வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம்.

இரையின் அளவு, தவளையின் இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தாண்டக்கூடாது. பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அப்படியே கொடுத்தால் தவளை தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கும். தாடை தொளதொளக்கும், பின்னங்கால் வளையும், விரல்கள் துடிக்கும். எனவே இரண்டு வேலை. பூச்சிக்கு ஒரு நாள் முன்பே கேரட், கீரை கொடுத்து அதன் வயிற்றை நிரப்புங்கள். பிறகு, ஒரு பையில் பூச்சிகளைப் போட்டு ஒரு சிட்டிகை கால்சியம் பொடி தூவிக் குலுக்குங்கள், திருநீறு பூசியதுபோல் வரும். குட்டிக்கு ஒவ்வொரு முறையும், வளர்ந்ததற்கு ஒன்று விட்டு ஒரு முறை. வாரம் ஒரு நாள் கால்சியத்துக்குப் பதிலாக மல்ட்டிவைட்டமின். அதில் வைட்டமின் ஏ, பீட்டா கரோட்டினாக மட்டும் இல்லாமல் ரெட்டினாலாக இருக்க வேண்டும். ஏ குறைந்தால் நாக்கின் ஒட்டும் தன்மை போய்விடும். தவளை பாயும், நாக்கு படும், பூச்சி மட்டும் ஒட்டாது. ‘குறி தவறுகிறது, வயசாகிவிட்டது’ என்று சிரித்துவிட்டுப் போகக்கூடாத அறிகுறி இது.

வளர்ந்த மரத்தவளைக்கு வாரம் இரண்டு மூன்று முறை, முறைக்கு நான்கிலிருந்து ஆறு பூச்சி. கண்ணுக்கு மேலே உள்ள மடிப்பு தடித்துக் கண்ணையே மூடத் தொடங்கினால் அளவைக் குறையுங்கள். கேட்கக் கேட்கக் கொடுத்தால் இந்த இனம் குண்டாகிக்கொண்டே போகும். தீவயிற்றுத் தேரைக்கும் வாரம் இரண்டு மூன்று முறை, இரை சிறியதாக. வளர்ந்த பேக்மேனுக்கு ஏழு பத்து நாளைக்கு ஒரு முறை பெரிய மண்புழுவோ டூபியாவோ போதும். எலிக்குட்டி கொடுக்கும் காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், கொழுப்பு கண்ணில்கூடப் படியும். இடுக்கியால் கொடுக்கும்போது நுனியில் ரப்பர் இருக்கட்டும். இது கவ்வும் வேகத்தில் வெறும் இரும்பு வாயைக் காயப்படுத்திவிடும். குள்ளத் தவளைக்குப் பார்வை மட்டம், மோப்பத்தால்தான் தேடும். உறைந்த ரத்தப்புழுவைக் கரைத்து, பிப்பெட்டால் மூக்கருகே விடுங்கள். மீன்கள் இருந்தால் அவை முந்திக்கொள்ளும், தவளை பட்டினி.

தவளை விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வதைக் கவனியுங்கள். கண்விழிகள் உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. ருசித்துச் சாப்பிடுவதுபோல் தெரியும், நடப்பது என்னவோ இதுதான்.

கால் மணி நேரத்தில் தின்னாத பூச்சிகளை எடுத்துவிடுங்கள். பசித்த கிரிக்கெட் பூச்சி இரவில் தூங்கும் தவளையின் தோலையே கடிக்கும்.

வந்த பிறகு

முதல் வாரம் தொடவே வேண்டாம். மூன்று நான்கு நாள் சாப்பிடாமல் இருந்தாலும் கலங்காதீர்கள். ஏற்கெனவே ஒரு தவளை இருந்தால், புதியதைக் குறைந்தது 30 நாள் தனிப் பெட்டியில் வையுங்கள். அடியில் ஈரமான டிஷ்யூ பேப்பர், ஒரு ஒளிவிடம், ஒரு கிண்ணம், அவ்வளவுதான். பேப்பரில் கழிவு தெளிவாகத் தெரியும். அதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தால் புழு இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

தவளை கொஞ்சுவதற்கு இல்லை. எடுக்கத்தான் வேண்டும் என்றால் சோப்பு மிச்சமில்லாமல் கையைக் கழுவி, குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்து, ஈரக் கையோடு எடுங்கள். இன்னும் நல்லது, பவுடர் இல்லாத கையுறையை அலசிப் போட்டுக்கொள்வது. வைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இது உங்களுக்காக. நல்ல ஆரோக்கியமான தவளையும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கலாம். அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை பரவிய சால்மொனெல்லா தொற்று ஒன்றின் மூலம் குள்ளத் தவளைகள்தான் என்று கண்டுபிடித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறுபிள்ளைகள். பலர் தவளையைத் தொட்டதுகூட இல்லை, தொட்டித் தண்ணீர்தான் காரணம். சமையலறைத் தொட்டியில் தவளைச் சாமான்களைக் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இந்த யோசனையையே தள்ளிப்போடுவது நல்லது.

முதல் மாதத்தில் பலரைப் பதற வைக்கும் காட்சி ஒன்று உண்டு. தவளை முதுகை வளைத்து உடம்பை முறுக்கும். வாயை அகலத் திறந்து திறந்து மூடும். முன்னங்காலால் தலையைத் துடைப்பதுபோல் இழுக்கும். உடம்பு முழுக்கப் பளபளவென்று ஈரம். வலிப்பு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தோலுரிக்கிறது, அவ்வளவுதான். பழைய தோலை ஸ்வெட்டர்போல் கழற்றி, வாய்க்குள்ளேயே தள்ளித் தின்றுவிடும். சில நிமிடத்தில் முடிந்துவிடும், விட்டுவிடுங்கள். தோல் துண்டு துண்டாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மட்டும் ஈரப்பதம் குறைவு என்று அர்த்தம்.

பேக்மேன் அசையாமல், தொட்டால் காகிதம்போல் காய்ந்த உறையோடு கிடந்தால் செத்துவிட்டதென்று புதைத்துவிடாதீர்கள். வறண்டால் தோலடுக்குகளால் தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு தூங்கிவிடும். 26 டிகிரி வாக்கில் உள்ள, தாடை வரை மட்டும் வரும் தண்ணீரில் வைத்தால் உறை இளகும், கண் திறக்கும். பிறகு மண்ணின் ஈரத்தைச் சரிசெய்யுங்கள்.

வயிறு உருண்டையாகி, சாப்பிடாமல், ஒரு வாரத்துக்கு மேல் கழிக்காமல் இருந்தால் குடல் அடைப்பைச் சந்தேகியுங்கள். அதே வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் 20 நிமிடம் வைத்துப் பார்க்கலாம், இரண்டு மூன்று நாளில் பலனில்லை என்றால் மருத்துவர். உடம்பு முழுவதும் நீர் கோத்து பலூன்போல் வீங்கினாலும், தொடை சிவந்தாலும், கண் மங்கினாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். தவளையைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆகவே வாங்குவதற்கு முன்பே ஒருவரைக் கண்டுபிடித்து எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டி வந்தால் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டு பிளீச், பத்து நிமிடம் ஊற விட்டு, வாசனை போகும்வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கழிவுத் தண்ணீர், பழைய மண் எதையும் குளம், கால்வாய், தோட்டத்தில் கொட்டாதீர்கள். உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை தண்ணீர் வழியாகப் பரவக்கூடியது. தண்ணீர் கழிப்பறையில் போகட்டும், மண்ணைக் காயவைத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தவளை வேண்டாமென்று ஆகிவிட்டாலும் குளத்தில் விடுவது வழியில்லை. வாங்கிய இடத்திலோ வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடமோ, தொட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.